படத்தில் இல்லாமல் போன மண்வெட்டி

1

அம்மாவின் திதிக்கு முந்தின நாள் சுவரைத் துடைக்கப் போனேன். அம்மாவைக் காணோம். ஆணி மட்டும் இருந்தது. அதன் கீழே, படம் மறைத்திருந்த அளவுக்குச் சுவரின் பழைய நிறம் புதுசாகத் தெரிந்தது. இங்கிலாந்தின் இந்த ஷெஃபீல்டு ஊரில் திருடர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் டெலிவிஷனை விட்டுவிட்டு, மூக்குத்தியும் பொட்டுமாக நிற்கிற ஒரு நாஞ்சில் நாட்டுக்காரியின் படத்தை எடுத்துப் போகிற திருடனை நான் கேள்விப்பட்டதில்லை. மகனுக்குப் போன் செய்தேன்.

நான்தான் எடுத்தேன் என்றான், கொஞ்சமும் கூசாமல். உனக்கு ஒரு சர்ப்ரைஸ், சனிக்கிழமை பார் என்றான்.

அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் நடராஜன். ஆபீஸில் நேட். ஒரு விளம்பரக் கம்பெனியில் படம் போடுகிற வேலை. தமிழ் புரியும், பேச வராது. பேச வராது என்பதைவிட, பேச வேண்டிய அவசியம் அவனுக்கு வந்ததில்லை என்பது சரி. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் தாத்தாவுக்கு என்ன தொழில் என்று கேட்டபோது, இரும்புக்கடை என்பதை நான் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷில் "அயர்ன் ஷாப்" என்று சொல்லிவிட்டான். டீச்சர் அதைத் துணி தேய்க்கிற கடை என்று எடுத்துக்கொண்டாள். அதை நான் சொல்லித் திருத்தும்வரை திருவனந்தபுரத்தில் பாதிப் பேர் சட்டைக்கு என் அப்பாதான் பெட்டி போட்டார் என்று இவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை ஒரு பெரிய அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான். துணியை விலக்கினான். அம்மா இருந்தாள்.

தலையில் ஒரு சிவப்பு முக்காடு, மோவாய்க்குக் கீழே முடிச்சு. நெற்றியில் பொட்டு இல்லை. மூக்குத்தி இல்லை. அசலில் தராசுச் சங்கிலியைப் பிடித்திருந்த வலது கையை நிமிர்த்தி முஷ்டியாக்கியிருந்தார்கள். பின்னால் சிவப்பு நட்சத்திரம். தலைக்கு மேல் ஓர் அரிவாளும் சுத்தியலும். அடியில் ரஷ்ய எழுத்து மாதிரி ஏதோ. ஒரு பக்கம் பீர் பாட்டில்.

எப்படி இருக்கிறது என்று கேட்டான். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். புது பீராம். சோவியத் தேசமே போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிவிட்டதால் அந்தச் சாமான்களுக்கெல்லாம் இப்போது நல்ல மவுசாம். ஆச்சி உலகம் முழுக்கத் தெரியப்போகிறாள் என்றான். குடும்பத்தில் ஒருத்தர் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டால் போதும், அது நான்தான்.

"இது யாருடா?" என்று கேட்டேன். அவனுக்குக் கேள்வி புரியவில்லை.

2

இங்கே நடக்கிற கூத்தை ஊரில் இருக்கிற உங்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இப்போது இந்த நாட்டில் கடைத்தெருவில் நடந்தால் ரஷ்யா எல்லா இடத்திலும் கிடைக்கிறது, ரஷ்யாவைத் தவிர. முடிவெட்டுகிற கடையில் சிவப்பு நட்சத்திரம். சட்டையில் அரிவாள் சுத்தியல். சலவைப் பொடி விளம்பரத்தில் ராணுவ அணிவகுப்பு. இங்கிலீஷ் எழுத்தைத் திருப்பிப்போட்டு, கவிழ்த்துப்போட்டு, அதைத்தான் ரஷ்யன் என்கிறார்கள். யாராவது நம் எழுத்துகளைத் தலைகீழாக அடுக்கி இதுதான் தமிழ் என்று ஜாம் டப்பாவில் ஒட்டினால் எப்படி இருக்கும்?

எனக்கு ரஷ்யன் படிக்கத் தெரியும். பெரிய புலமை இல்லை. பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டவணை போடுகிற வேலையில் இருந்தேன். ரஷ்ய அலமாரியை யாரும் சீண்டவில்லை. வெள்ளைக்காரிகள் அந்த எழுத்தைப் பார்த்து மிரண்டார்கள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், ரேஷன் கார்டில் இங்கிலீஷ் என்று வளர்ந்தவளுக்கு இன்னோர் எழுத்து என்ன பெரிசா? சாயங்கால வகுப்புக்குப் போய்ப் படித்துக்கொண்டேன். பென்ஷன் வாங்குகிறவரைக்கும் அந்த அலமாரி என்னுடையதுதான்.

அங்கே என்னுடன் லுட்மீலா என்று ஒருத்தி இருந்தாள். லெனின்கிராடில் பிறந்தவள். இன்றும் வியாழக்கிழமை வியாழக்கிழமை என் வீட்டுக்கு டீ குடிக்க வருவாள். கடைகளில் கண்ட போலி ரஷ்யனை எழுதிக்கொண்டு வந்து, இருக்கிறபடியே எழுத்துக்கூட்டி வாசிப்பாள். வாயில் சுடுகஞ்சியை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கும். இருவரும் சிரிப்போம். ஆனால் தபாலாபீஸ் பக்கத்தில் திறந்திருக்கிற சிவப்பு நட்சத்திர மதுக்கடைக்குள் மட்டும் அவள் கால் வைக்க மாட்டாள். பரிமாறுகிற பையன்களுக்கு அங்கே பழைய சோவியத் தொப்பி. அந்த நட்சத்திரம் வைத்த தொப்பிக்காரர்கள்தான் அவளுடைய அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை.

என் அப்பாவையும் தொப்பிக்காரர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆனால் இவர்கள் அந்த நட்சத்திரக்காரர்களின் சின்னத்துக்குப் பயந்தவர்கள். எங்கள் இரண்டு பேருக்கும் இருக்கிற இந்த ஒட்டுறவை எந்தப் பாட்டிலில் ஒட்டுவார்கள் என்று தெரியவில்லை.

3

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் அப்பாவுக்கு இரும்புக்கடை. சங்கரலிங்கம் பிள்ளை கடை என்றால் கோட்டைக்குக் கிழக்கே யாரும் கைகாட்டுவார்கள். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து ஊன்றியவர். அந்தத் தெருவில் பாதிக் கடைகளில் தமிழ்தான் கேட்கும், மலையாளத்தில் முக்கி எடுத்த தமிழ்.

வித்துரா பக்கத்து எஸ்டேட் ஆட்கள், நெடுமங்காட்டு விவசாயிகள், விழிஞ்ஞத்து வலைக்காரர்கள் எல்லாம் சாமான் வாங்க வருவார்கள். பெயர்ப்பலகையை வாசித்துவிட்டு யாரும் வருவதில்லை. என்ன தொங்குகிறதோ அதுதான் பலகை. காலையில் கடை திறந்ததும் முகப்பில் கம்பி நெடுகச் சாமான்களைத் தொங்கவிட வேண்டும். மண்வெட்டி, கிணற்றுக் கப்பி, சங்கிலி, பூட்டு, வாளி, தாழ்ப்பாள். சாயங்காலம் அத்தனையையும் அவிழ்த்து உள்ளே வைக்க வேண்டும். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நானும் எடுத்துக் கொடுப்பேன்.

கதிர் அரிவாள் மட்டும் பிசாசு. எடையே இருக்காது. சின்னக் காற்றுக்கும் சுழன்று, கடைக்குள் குனிந்து வருகிறவர்களின் காதைப் பார்க்கும். அதற்காக அப்பா ஒரு வழி வைத்திருந்தார். அரிவாளின் பிடியை ஒரு சுத்தியலின் காம்போடு குறுக்காகச் சேர்த்துச் சணலால் கட்டித் தொங்கவிடுவார். சுத்தியலின் கனத்துக்கு அரிவாள் அடங்கிக் கிடக்கும். இரண்டு சாமானுக்கும் ஒரே கொக்கி. சாலையில் அவருக்கு முன்னாலும் இரும்புக்கடைக்காரர்கள் அப்படித்தான் கட்டினார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அரிவாள் நாஞ்சில் நாட்டுக் கொல்லர் அடித்தது. சுத்தியலின் தலையில் ஷெஃபீல்டு என்று பொறித்திருக்கும். இந்த ஊர்ப் பெயரை நான் முதன்முதலில் வாசித்தது அங்கேதான்.

4

சுதந்திரம் வந்து, திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகச் சேர்ந்த சமயம். சிவப்புக் கொடிக் கட்சிக்குத் தடை. வாசகசாலையில் தாடி வைத்தவன் யாராவது உட்கார்ந்திருந்தால்கூட போலீஸ் எட்டிப் பார்க்கும். சுவரில் கரியால் அரிவாள் சுத்தியல் வரைந்தவனை அடித்துக் கையை ஒடித்துவிட்டார்கள் என்று பேச்சு. அப்பாவுக்கு அந்தக் கட்சியைக் கண்டால் ஆகாது. ஒருநாள் கோயிலைப் பூட்டச் சொல்வான், மறுநாள் கடையைப் பூட்டச் சொல்வான் என்பார்.

ஒருநாள் ஏட்டு வந்தார். எங்கள் கடையில் பூட்டு வாங்கின மனுஷன்தான். கொக்கியைக் கைத்தடியால் தொட்டார். "பிள்ளே, இது இவிடெ தூக்கான் பாடில்ல" என்றார். இங்கே தொங்கவிடக் கூடாதாம்.

அப்பா முதலில் சிரித்தார். பிறகு காரணத்தை விளக்கினார். காற்று, எடை, காது எல்லாம் சொன்னார். ஏட்டுக்கும் புரிந்தது. ஆனால் மேலிடத்து உத்தரவு. அரிவாளை ஒரு மூலையில், சுத்தியலை இன்னொரு மூலையில் தொங்கவிடும் என்று சமாதானமாகச் சொல்லிப் பார்த்தார். அங்கேதான் அப்பாவுக்கு ஏறிவிட்டது. சாலையில் எந்தச் சாமானை எந்தச் சாமானோடு கட்டுவது என்று போலீஸ் சொல்லித்தருவதானால், நாளைக்கு வாளிக்குள் கயிற்றைப் போட்டாலும் தப்பாகிவிடும் என்றார். எழுதிக் கொடுங்கள், அவிழ்க்கிறேன் என்றார். எழுதிக் கொடுக்க யாரும் இல்லை.

மறுநாள் வேறு போலீஸ்காரர்கள் வந்தார்கள். சணல் கட்டை அறுத்து அரிவாளையும் சுத்தியலையும் சாட்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். கூடவே அப்பாவையும். மேல்துண்டைச் சரிசெய்துகொள்ளக்கூட விடவில்லை. எதிர் வரிசைக் கடைகள் ஒவ்வொன்றாகப் பலகையைச் சாத்திக்கொண்டன. எனக்கு அப்போது வந்த ஆத்திரம் இன்றைக்கும் ஆறவில்லை.

5

எங்கள் சாதியில், அந்தக் காலத்தில், சாலைத் தெருவில் ஒரு பெண் கடை முகப்பில் உட்காருவது என்பது நினைத்துப் பார்க்காத காரியம். அம்மாவுக்கு வீடு, கோயில், தண்ணீர்ப்பைப்பு. கடைக்குச் சாப்பாடு கொடுத்து அனுப்பினாலும் பின்வாசல் வழியாகத்தான். பகவதியம்மாள் என்கிற பெயரே தெருவில் பலருக்குத் தெரியாது.

அடுத்த நாள் காலையில் அம்மா குளித்து, ஈரத்தலையை முடிந்துகொண்டு, சாவிக்கொத்தை எடுத்து இடுப்பில் செருகினாள். என்னைப் பார்த்து வா என்றாள். பெரியப்பா வாசலில் நின்று குடும்ப மானம் என்று ஆரம்பித்தார். அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தோம்.

சாமான்களை நான் எடுத்துக் கொடுக்க, அம்மா ஸ்டூலில் ஏறித் தொங்கவிட்டாள். மண்வெட்டி, கப்பி, சங்கிலி. கடைசியில் உள்ளேயிருந்து புது அரிவாள் ஒன்றும் புதுச் சுத்தியல் ஒன்றும் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். அப்பா கட்டுகிற மாதிரியே குறுக்காக வைத்துச் சணலைச் சுற்றினாள். அந்தக் கட்டை அவள் எப்போது பார்த்துப் படித்தாள் என்று எனக்குத் தெரியாது.

ஏட்டு ஓடி வந்தார். அம்மாவிடம் நேரில் பேச அவருக்குச் சங்கடம். தூணைப் பார்த்துக்கொண்டு, இது பிரச்சினையாகும், அவிழ்த்துவிடச் சொல்லு மோளே என்று என்னிடம் சொன்னார். அம்மா தூணுக்குப் பதில் சொல்லவில்லை. அவரைப் பார்த்தே சொன்னாள்.

"ஸாரே, இது கொடி ஒண்ணும் இல்ல, விக்கிற சாமானாக்கும். வேணும்னா வாங்கிட்டுப் போங்க. சும்மா எடுத்துட்டுப் போக முடியாது."

ஏட்டு வாங்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானம் அப்பாவின் வக்கீல் வந்தார். கடையை ஒரு போட்டோ எடுக்கணும் என்றார். மாஜிஸ்திரேட் முன்னால் காட்டுவதற்கு. அரிவாள் சுத்தியல் தனியாக நிற்கவில்லை, இருபது சாமானுக்கு நடுவில் அதுவும் ஒரு சாமான் என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதற்காக. பக்கத்து ஸ்டூடியோக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து முக்காலி வைத்தார். ஒதுங்கி நில்லுங்கள் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா ஒதுங்கவில்லை. தராசுச் சங்கிலியைப் பிடித்தபடி நின்றாள். அதுதான் அந்தப் படம். அவளுக்கு இருக்கிற ஒரே படமும் அதுதான்.

6

மகன் கொண்டுவந்த அட்டையில் மண்வெட்டி இல்லை. கப்பி இல்லை. சங்கிலி, பூட்டு, வாளி, தாழ்ப்பாள் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் கத்தரித்துப் போட்டுவிட்டு, அரிவாளையும் சுத்தியலையும் மட்டும் வைத்திருந்தார்கள். போலீஸ்காரன் அன்றைக்கு எதைப் பார்த்தானோ, அதையேதான் இவர்களும் பார்த்தார்கள். அவன் பயந்தான், இவர்கள் ரசிக்கிறார்கள். கண் ஒன்றுதான்.

கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். நடராஜன் முகம் தொங்கிவிட்டது. இதைச் செய்தால் ஆபீஸில் ஒரு படி ஏறுவான். அது எனக்கும் தெரியும். நீயே வந்து எங்கள் தலைவியிடம் சொல்லு என்றான். வரமாட்டேன் என்று நினைத்தான் போல. கஞ்சிபோட்ட பருத்திப் புடவை கட்டிக்கொண்டு போனேன்.

தலைவி பெயர் ஹெலன். நல்ல பெண். நாற்காலியை இழுத்துப் போட்டாள், டீயில் பாலை முதலில் ஊற்றவா என்று கேட்டாள். அசல் படத்தை மேஜையில் வைக்கச் சொன்னேன். பக்கத்தில் அவர்களுடைய அட்டை. எதையெல்லாம் வெட்டியிருக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். எதற்காக எடுத்த படம் என்று சொன்னேன். சுத்தியலின் தலையில் உங்கள் ஊர்ப் பெயர்தான் இருந்தது என்றும் சொன்னேன். அடியில் எழுதியிருப்பது ரஷ்யன் இல்லை, எந்த பாஷையும் இல்லை என்றும் சொன்னேன்.

சொல்லச் சொல்ல ஹெலனுக்குக் கண் பளபளத்தது. இதையெல்லாம் பாட்டிலின் பின்பக்கம் அச்சடித்தால் அருமையாக இருக்கும் என்றாள். போலீஸை எதிர்த்த புரட்சிக்காரி, உண்மைக் கதை. அவள் உதவிக்கு இருந்த பையன் உடனே குறித்துக்கொண்டான். நான் பேசப் பேச அவர்களுக்குச் சரக்குச் சேர்ந்துகொண்டிருந்தது. வாயைத் திறந்தது தப்போ என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது.

என் அம்மா புரட்சிக்காரி இல்லை என்றேன். பிறகு தேர்தல் வந்தபோது அவள் யாருக்கு ஓட்டுப் போட்டாள் என்று அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை, உங்களிடம் சொல்வாளா?

அப்படியானால் அவளுக்கு என்னதான் வேண்டியிருந்தது என்று ஹெலன் கேட்டாள். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

கடை திறந்திருக்க வேண்டியிருந்தது என்றேன்.

அந்தப் பதிலை எங்கே ஒட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. இது வெறும் வேடிக்கைக்குத்தான், யாரையும் புண்படுத்துவதற்கு இல்லை, பொட்டை வேண்டுமானால் திரும்ப வைத்துவிடலாம் என்று இறங்கி வந்தாள். நான் எழுந்து நின்றேன். இங்கிலீஷில்தான் சொன்னேன். "உங்கள் அம்மாவின் படத்தைக் கொண்டு வாருங்கள். கண்ணாடியைக் கழற்றி, முக்காடு கட்டி, கையில் நான் சொல்கிற சாமானைக் கொடுத்து, அடியில் எனக்கே புரியாத எழுத்தில் எழுதி, எங்கள் சாலைத் தெருவில் ஒட்டுகிறேன். வேடிக்கைக்குத்தான்."

நடராஜன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து வந்து, அசல் படத்தைச் சட்டத்துக்குள் வைத்து, பின்பக்க ஆணிகளை விரலால் அழுத்தி மடக்கி என் கையில் கொடுத்தான். அட்டையைத் தாங்கியிலிருந்து இறக்கி நடுவில் மடித்தான். அது அவன் ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்த வேலை. எனக்காக மடித்தானா, வெட்கத்தில் மடித்தானா என்று நான் கேட்கவில்லை. பெருமையாக இருந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

பீர் வராமல் போகவில்லை. வேறொரு பெண்ணுக்கு முக்காடு கட்டி வந்துவிட்டது. கடையில் அதைக் கடந்துதான் பால் எடுக்கப் போகிறேன். லுட்மீலா அந்தப் பாட்டிலை எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டினாள். முன்னைவிட மோசம்.

7

அன்று ஹெலனின் ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வருகிற வழியில் காரில் நடராஜன் ஒன்று கேட்டான். தாத்தா எப்போது திரும்பி வந்தார்? இத்தனை வருஷத்தில் அந்தக் கடையைப் பற்றி அவனாகக் கேட்ட முதல் கேள்வி. அவனுக்குச் சொன்னேன். ஹெலனிடம் சொல்லாததை. சொல்லியிருந்தால் அதுவும் பாட்டிலின் முதுகில் ஏறியிருக்கும். இப்போது உங்களுக்கும் சொல்கிறேன், உங்களுக்குச் சாலை தெரியும் என்பதால்.

மாஜிஸ்திரேட் படத்தைப் பார்த்தார். கப்பி என்ன விலை என்று வக்கீலிடம் கேட்டாராம். அப்பாவை விட்டுவிட்டார்கள். அப்பா நேரே கடைக்கு வந்தார், தாடியும் அழுக்கு வேட்டியுமாக. பெரியப்பா, நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த மாமன்மார், எதிர்க்கடைக்காரர்கள் எல்லாரும் தெருவில் கூடிவிட்டார்கள். அம்மா அவருடைய இடத்தில், கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். வித்துராக்காரர் ஒருவருக்குச் சங்கிலி நிறுத்துக்கொண்டிருந்தாள். அவள் எழுந்து உள்ளே போவதற்காக எல்லாரும் காத்திருந்தார்கள்.

அவள் சங்கிலியை நிறுத்துக் கொடுத்து முடித்தாள். அப்பா வாடிக்கையாளர் நிற்கிற இடத்தில் நின்றார். அவருக்கே அது புதுசு.

"எழும்பு பகவதி. நான்தான் வந்தாச்சுல்லா" என்றார்.

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை நான் பார்த்தேன். குரலில் மட்டும் ஒன்றும் இல்லை.

"வந்தாச்சுல்லா. குளிச்சு, சாப்பிட்டு, ரெண்டு நாள் கெடங்க. கடையை நான் பாத்துக்கிடுதேன்."

பெரியப்பா செருமினார். அப்பா அவரைத் திரும்பிப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், மேலே காற்றில் அசையாமல் தொங்குகிற அரிவாள் சுத்தியல் கட்டைப் பார்த்தார். பிறகு கடைக்குள் ஏறி, அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த ஆணிப்பெட்டியின் மேல் துண்டை விரித்து உட்கார்ந்தார். கடை இருந்தவரைக்கும் அதுதான் அவர் இடம்.